கம்ப்யூட்டர் தேடிய மாத்திரை

2020 பிப்ரவரி. வூஹான் நகரத்து ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. அந்த நோய்க்கு 'கோவிட்-19' என்ற பெயரே அந்த மாதம் 11-ம் தேதிதான் கிடைத்தது. தடுப்பூசி கிடையாது. மருந்தும் கிடையாது. வைரஸின் மரபணு வரிசை மட்டும் ஜனவரி 11 முதல் இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் கிடந்தது. சுமார் 30,000 எழுத்துகள். விஞ்ஞானிகள் கையில் இருந்த முக்கியமான துப்பு அதுதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே இரண்டு டென்னிஸ் மைதானங்கள் அளவு இடத்தை அடைத்துக்கொண்டு 'சம்மிட்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு உலகிலேயே அதிவேகமானது அதுதான். முழு வேகத்தில் நொடிக்கு சுமார் 2,000 கோடி கோடி கணக்குகள் போடும். ஜெரமி ஸ்மித், மைக்கோலஸ் ஸ்மித் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதனிடம் 8,000-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளின் பட்டியலைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே மருந்துக்கடையில் விற்பவை, மூலிகைகளிலிருந்து பிரித்தெடுத்தவை என்று எல்லாம் கலந்த பட்டியல் அது. வைரஸ் தன் உடம்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தால்தான் மனிதச் செல்லைப் பிடிக்கிறது. அந்தப் பிடியைக் கெடுக்கும் மூலக்கூறு எது என்பது கேள்வி.

சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். சம்மிட் ஓரிரு நாளில் முடித்துவிட்டது. 8,000 பேர் எழுதிய பரீட்சையில் 77 பேர் தேறியிருந்தார்கள்.

செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கொரோனாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்கிற தொனியிலேயே பலர் அதைப் பகிர்ந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் என்னவோ, இது மருந்தில்லை, இனி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியல் மட்டுமே என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். பயத்தில் இருந்த உலகத்தின் காதில் அது விழவில்லை. பட்டியலின் உச்சியில் இடம்பிடித்த மருந்துகளில் எதுவும் பிற்பாடு கோவிட்டுக்கான வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை.

பழைய மருந்தைப் புது நோய்க்குத் திருப்பிவிடும் யோசனை ஒன்றும் அசட்டுத்தனமானது அல்ல. புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, சோதித்து, கடைக்குக் கொண்டுவருவதற்குப் பத்து வருஷம் சர்வசாதாரணமாக ஆகும். பழைய மருந்து என்றால், எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது, என்ன பக்கவிளைவு வரும் என்பதெல்லாம் முன்பே தெரியும். தயாரிக்கத் தொழிற்சாலையும் தயார். தலைவலிக்கு வந்த ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கப் போனது. புற்றுநோய்க்காக 1964-ல் உருவாக்கி, உதவாது என்று மூலையில் போடப்பட்ட ஏ.இஸட்.டி, 1987-ல் எய்ட்ஸுக்கு வந்த முதல் மருந்தானது. கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைப் பறித்த தாலிடோமைடுகூட, தொழுநோயின் ஒருவகைக் கொடிய வலிக்கும், பின்னாளில் ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கும் பயன்பட்டது. இவற்றில் பாதி தற்செயலாக நடந்தவை. தற்செயலுக்காகக் காத்திருக்காமல் கம்ப்யூட்டரை விட்டுத் தேடச் சொன்னால் என்ன என்பதுதான் புது யோசனை.

எப்படித் தேடுகிறது? திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். வைரஸின் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. அது சாவித் துவாரம். மருந்தின் மூலக்கூறு சாவி. ஒவ்வொரு சாவியையும் எல்லாக் கோணங்களிலும் திருப்பித் திருப்பிச் செருகிப் பார்த்து, எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது என்று மதிப்பெண் போடுவதுதான் வேலை. இதற்கு 'டாக்கிங்' என்று பெயர். படகு துறையில் வந்து ஒட்டுவதுபோல மருந்து புரதத்தில் வந்து ஒட்டுகிறது.

திண்டுக்கல் பூட்டு இரும்பு. புரதமோ பிசைந்த மாவு மாதிரி நெளிந்துகொண்டே இருப்பது. குழி ஒரு கணம் திறக்கும், மறுகணம் மூடிக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் முட்டி மோதிக்கொண்டிருக்கும். இத்தனையையும் உள்ளபடி கணக்கிட சம்மிட்டுக்கே மூச்சு முட்டும். அதனால் மென்பொருள் பல இடங்களில் குத்துமதிப்பாகப் போகிறது. ஒட்டும் சக்தியின் கணக்கு ஒரு மோலுக்கு சுமார் 1.4 கிலோ கலோரி பிசகினால் போதும், மருந்தின் பிடிமானம் நிஜத்தில் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ போய்விடும். டாக்கிங்கில் அந்த அளவு பிசகு சகஜம். போதாததற்கு, ஓக் ரிட்ஜ் குழு கணக்குப் போட்ட நேரத்தில் புது வைரஸின் ஸ்பைக் புரதம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதே வெளியாகியிருக்கவில்லை. 2003-ல் வந்த சார்ஸ் வைரஸின் வடிவத்தை வைத்து ஊகித்த மாதிரி பூட்டில்தான் 8,000 சாவிகளையும் போட்டுப் பார்த்தார்கள்.

நெளியும் பூட்டைப் படம்பிடிக்கவும் முயற்சி நடந்தது. 'ஃபோல்டிங் அட் ஹோம்' என்ற திட்டத்தில், வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்கு இரவல் கொடுக்கலாம். ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த லட்சக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள். கேம் விளையாட வாங்கிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து, 2020 ஏப்ரலுக்குள் சம்மிட்டின் வேகத்தையே பல மடங்கு தாண்டிவிட்டன. ஸ்பைக் புரதம் எப்படி வாயைத் திறக்கிறது, சாதாரணமாகக் கண்ணில் படாத குழிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காட்டியது அந்தக் கூட்டு உழைப்பு. நல்ல அறிவியல். ஆனால், ஐ.சி.யு-வில் மூச்சுக்குத் தவித்தவருக்கு அதிலிருந்து உடனே ஒரு மாத்திரை வந்துவிடவில்லை.

சாவி பொருந்துவதாகத் தெரிந்தாலும் நோய் கேட்காது என்பதற்கு லோபினாவிர் சரியான உதாரணம். எய்ட்ஸ் வைரஸின் புரதம் வெட்டும் நொதியை முடக்குகிற மருந்து இது. கொரோனா வைரஸிடமும் புரதம் வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. அதன் வடிவத்தை ஷாங்காய்டெக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பிப்ரவரி 5-ம் தேதியே உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். பல ஆய்வகங்களின் திரையில் லோபினாவிர் அதில் பாந்தமாகப் பொருந்தியது. உண்மையில் இரண்டு நொதிகளும் வெவ்வேறு ஜாதி. வெட்டும் முறையும் வேறு, குழியின் அமைப்பும் வேறு. வூஹானில் 199 நோயாளிகளிடம் சோதித்து, மார்ச்சிலேயே பலன் தெரியவில்லை என்று அறிவித்தார்கள். பிறகு பிரிட்டனின் 'ரெகவரி' சோதனையில் 1,616 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களில் 23 சதவிகிதம் பேரும், கொடுக்காதவர்களில் 22 சதவிகிதம் பேரும் இறந்தார்கள்.

அடுத்தது, எல்லோருக்கும் நினைவிருக்கும் பெயர். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் வருஷக்கணக்காகக் கொடுத்துவந்த மாத்திரை. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் அது வைரஸைத் தடுத்தது நிஜம். அந்தச் செல்கள் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை என்பதுதான் சிக்கல். வைரஸ் ஆய்வகங்களில் அவற்றைத்தான் காலங்காலமாக வளர்க்கிறார்கள். குரங்கின் சிறுநீரகச் செல்லுக்குள் வைரஸ் ஒரு வாசல் வழியாக நுழைகிறது, மனித நுரையீரல் செல்லில் அதற்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. மாத்திரை அடைத்தது முதல் வாசலை. நுரையீரல் செல்லில் சோதித்தபோது அது வைரஸைத் தடுக்கவில்லை.

இது தெரியவருவதற்குள் காரியம் கைமீறியிருந்தது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சுகாதாரப் பணியாளர்கள் முன்தடுப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதே மாதம் அமெரிக்கா அவசர அனுமதி கொடுத்தது. மருந்துக்கடைகளில் மாத்திரை மாயமானது. பல நாடுகளில் லூபஸ் நோயாளிகளும் முடக்குவாதக்காரர்களும் தாங்கள் தினமும் விழுங்கும் மாத்திரைக்காகக் கடை கடையாக அலைந்தார்கள். 'யாருக்கும் கெடுதல் இல்லையே, சாப்பிட்டால் என்ன' என்று கேட்டவர்களின் கண்ணில் இவர்கள் படவே இல்லை. ரெகவரி சோதனை முடிவு சொன்னது: மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவிகிதம் பேர் மரணம், எடுக்காதவர்களில் 25 சதவிகிதம். அமெரிக்கா அனுமதியை ஜூன் 15-ல் திரும்பப் பெற்றது.

ஐவர்மெக்டின் கதையில் பிசகு வேறு இடத்தில். ஆஸ்திரேலியாவில் செல்களின் மேல் அந்த மருந்தை ஊற்றியபோது 48 மணி நேரத்தில் வைரஸ் அநேகமாகக் காணாமல் போனது. திரையிலும் பல வைரஸ் புரதங்களோடு நன்றாக ஒட்டியது. ஆனால், தட்டில் ஊற்றிய செறிவு மனித ரத்தத்தில் வரவேண்டும் என்றால், வழக்கமாகக் கொடுக்கும் அளவைவிடப் பல மடங்கு விழுங்க வேண்டும். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், கோவா அரசு 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் இதைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. அந்த செப்டம்பரில் ஐ.சி.எம்.ஆர் தன் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து ஐவர்மெக்டின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டையுமே எடுத்துவிட்டது.

கபசுரக் குடிநீரும் இந்தத் திரைக்கு வந்தது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு என்று அதில் சேரும் சரக்குகளிலுள்ள மூலக்கூறுகளை ஸ்பைக் புரதத்தில் பொருத்திப் பார்த்து 2020-ல் ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. சில நன்றாகவே பொருந்தின. வாட்ஸ்அப்பில் அது 'விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று ஆனது. பொருந்தியது என்பதற்கு, பொருந்தியது என்பதற்கு மேல் அர்த்தமில்லை. டம்ளரிலிருந்து வாய்க்குப் போகும் குடிநீர் வயிற்றையும் குடலையும் கல்லீரலையும் தாண்டி, நுரையீரலுக்கு எந்த மூலக்கூறாக, எவ்வளவு போய்ச் சேருகிறது என்று திரை சொல்லாது. குடிநீர் பலிக்கும் என்றோ பலிக்காது என்றோ அந்தக் கட்டுரைகளை வைத்துப் பேச முடியாது. இரண்டு தரப்பும் அதை வைத்துத்தான் சண்டை போட்டது.

செல் தட்டிலேயே இன்னொரு மாயமும் இருந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் நெவன் க்ரோகன் தலைமையிலான பெரிய குழு ஒன்று, வைரஸின் புரதங்கள் மனிதப் புரதங்களோடு கைகோக்கும் 332 இடங்களை வரைபடமாகவே போட்டது. அவற்றைக் குறிவைக்கக்கூடிய 69 மருந்துகள், சேர்மங்களையும் பட்டியலிட்டது. அதில் பங்கேற்றவர்களில் பிரையன் ஷாய்செட் ஒருவர், டாக்கிங் துறையில் பழுத்த கை. தட்டில் வைரஸை முடக்கிய மருந்துகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறுத்தியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள் எல்லாம் ஜெயிக்கின்றன. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின்... எப்படி?

விடை 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இந்த மருந்துகளின் ஒரு பொதுவான வேதிக் குணம், செல்லுக்குள் கொழுப்பைத் தேங்க வைக்கிறது. அப்படிக் கொழுப்புத் தேங்கிய செல்லில் வைரஸ் பெருக முடியாமல் திணறுகிறது. மருந்து எந்தப் பூட்டையும் பூட்டவில்லை, வீட்டையே குப்பையாக்கியிருக்கிறது. எலிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது வைரஸ் சற்றும் குறையவில்லை. தாங்களும் சேர்ந்து போட்ட பட்டியலைத் தாங்களே சலித்து எடுத்த அந்தக் கட்டுரைக்கு, முதல் கட்டுரைக்குக் கிடைத்த கைதட்டலில் பாதிகூடக் கிடைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் கம்ப்யூட்டர் தேடியதில் ஒன்றுமே தேறவில்லையா? ஒன்று தேறியது. அது வேறு மாதிரித் தேடல்.

லண்டனில் 'பெனவலண்ட் ஏ.ஐ' என்று ஒரு நிறுவனம். லட்சக்கணக்கான மருத்துவக் கட்டுரைகளை வாசித்து, எந்தப் புரதத்துக்கும் எந்த நோய்க்கும் எந்த மருந்துக்கும் என்ன உறவு என்று ஒரு பெரிய வலை பின்னி வைத்திருந்தது அவர்களுடைய மென்பொருள். ஊர்ப் பெரியவர் ஒருவர் யார் வீட்டுக்கு யார் சம்பந்தி என்று மனப்பாடமாகச் சொல்வாரே, அந்த மாதிரி. பீட்டர் ரிச்சர்ட்சன் என்ற அனுபவசாலியான மருந்தியலாளரின் குழு அந்த வலையிடம் வைரஸைப் பற்றிக் கேட்காமல் மனித உடம்பைப் பற்றிக் கேட்டது. வைரஸை செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் வேலையை மேற்பார்க்கும் மனிதப் புரதங்கள் எவை? 'ஏ.ஏ.கே-1' என்ற பெயர் வந்தது. அதைத் தடுக்கும் 378 சேர்மங்கள் வலையில் இருந்தன. அவற்றில் 47 ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகள். வலுவாகத் தடுப்பவை 6.

அடுத்து அவர்கள் கேட்ட கேள்விதான் முக்கியமானது. வழக்கமான அளவில் கொடுத்தாலே ரத்தத்தில் போதுமான செறிவு வருமா? நோயாளி தாங்குவாரா? சில புற்றுநோய் மருந்துகள் இங்கே அடிபட்டுப்போயின. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, 2 அல்லது 4 மில்லிகிராம் போதும் என்று நின்றது பாரிசிட்டினிப். முடக்குவாதத்துக்கு எலி லில்லி நிறுவனம் விற்கும் மருந்து. அது உடம்பின் அழற்சியையும் தணிக்கும். கோவிட்டில் பலரைக் கொன்றது வைரஸைவிட, அதை எதிர்க்கக் கிளம்பி அடங்க மறுத்த அழற்சிதான் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2020 பிப்ரவரி 4-ம் தேதி 'லான்செட்' இதழில் இது சின்னக் கடிதமாக வெளியானது. ஓக் ரிட்ஜின் 77-க்குக் கிடைத்த ஆரவாரம் இதற்கு இல்லை.

எதிர்ப்பும் வந்தது. தொற்று வந்தவருக்குப் போய் நோய் எதிர்ப்பை அமுக்குகிற மருந்தா என்று மருத்துவர்கள் சிலர் ஆய்விதழில் எழுதியே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்ல நோயாளிகள்தான் வேண்டியிருந்தது. பல நாடுகளில் 1,525 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது. 28 நாளில் வெற்று மாத்திரைக்காரர்களில் 100 பேர் இறந்தார்கள். பாரிசிட்டினிப் பிரிவில் 62 பேர். பிறகு ரெகவரி, 8,156 பேரை வைத்துப் பார்த்தது. அதில் 14 சதவிகிதம் 12 ஆகக் குறைந்தது. பிரமாதமான எண் என்று சொல்ல முடியாது. ஆனால், பெரும்பாலானோர் ஏற்கெனவே ஸ்டீராய்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அதற்கும் மேலே கிடைத்த லாபம் இது. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், தீவிர நோயாளிகளுக்கு இதைக் கொடுக்க அழுத்தமாகவே பரிந்துரைத்தது. மே மாதம் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது.

ஒரு வேடிக்கை உண்டு. மென்பொருள் முதலில் பிடித்த நூல் ஏ.ஏ.கே-1, அதாவது வைரஸ் நுழைவதைத் தடுப்பது. நோயாளிகளைக் காப்பாற்றியது பெரும்பாலும் இரண்டாவது குணமான அழற்சித் தணிப்புதான் என்பதே இப்போது பரவலான கருத்து. இன்னொரு வேடிக்கை, அந்த ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தஸோன், 1950-களின் மருந்து, தமிழ்நாட்டின் சின்ன ஊர் மருந்துக்கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அதைத் தேடிக் கொடுக்கவில்லை. கொடுத்துத்தான் பார்ப்போமே என்று ரெகவரி சோதனையில் சேர்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது.

பாரிசிட்டினிப்பின் விலை அப்படி இல்லை. காப்புரிமை அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தது. 2021 மே மாதம் இந்தியாவில் அவசர அனுமதி கிடைத்தபோது, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் காப்புரிமையைத் தாண்டித் தானே தயாரிக்கக் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பித்தது. சில நாட்களிலேயே எலி லில்லி, நாட்கோ உட்படப் பல இந்தியக் கம்பெனிகளுக்குத் தானாகவே உரிமம் கொடுத்துவிட்டது. விண்ணப்பம் வாபஸ். அதற்குள் ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டில் இரண்டாம் அலையின் மிக மோசமான வாரங்கள் போய்விட்டிருந்தன.

பெனவலண்ட் ஏ.ஐ-க்கு இந்த வெற்றி நல்ல பெயரைக் கொடுத்தது. அதே வலையை வைத்துத் தோல் அரிப்பு நோயான எக்ஸிமாவுக்கு அவர்கள் சொந்தமாகவே ஒரு மருந்தை உருவாக்கினார்கள். 2023 ஏப்ரலில் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் அது தோற்றது. அடுத்த மாதம் ஆட்குறைப்பை அறிவித்தார்கள்.